வீட்டை விற்க எந்த மெய்நிகர் சுற்று?
பினாங்கு ஜெலுத்தோங்கில் இரண்டு அறை அடுக்குமாடி வீட்டுக்கு 3டி சுற்று (திரையிலேயே வீட்டுக்குள் நடந்து பார்ப்பது) தேவையில்லை. வாசலிலிருந்து சமையலறை வரை மெதுவாக நடந்தபடி கைப்பேசியில் எடுத்த வீடியோ போதும்; வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடலாம்.

கெலுகோரில் இரட்டை மாடி வீடு, வாங்க நினைப்பவர் சிங்கப்பூரில் வேலை செய்கிறார் என்றால் கதையே வேறு. படி எங்கே ஏறுகிறது, எந்த அறைக்குப் பக்கத்தில் எந்த அறை என்று அவருக்குப் புரிய வேண்டும். அதற்கு மேட்டர்போர்ட் போன்ற இணையச் சேவையில் செய்யும் 3டி சுற்றுதான் சரி. அந்தச் சேவையின் சந்தா நின்றால் சுற்றின் இணைப்பும் (லிங்க்) திறக்காமல் போகலாம். அது எத்தனை மாதம் இருக்கும் என்று சுற்று எடுத்துத் தருபவரிடம் முதலிலேயே கேளுங்கள்.

அப்புறம், படம் எடுக்கும் முன் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கும் மின்கட்டண பில், பிள்ளைகளின் பள்ளிப் படம், கதவோரம் தொங்கும் சாவிக்கொத்து எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். 360 டிகிரி கேமரா முதுகுப் பக்கத்தையும் விடாது.