'மா' என்றால் மாணவர் அல்ல: சமன்பாட்டில் எழுத்தைத் தவறாகப் படிக்கும் இடங்கள்

ஒரு கல்லூரியில் ஓர் ஆசிரியருக்கு 6 மாணவர்கள் வீதம் இருக்கிறார்கள். மாணவர் எண்ணிக்கையை 'மா' என்றும் ஆசிரியர் எண்ணிக்கையை 'ஆ' என்றும் வைத்துக்கொண்டு ஒரு சமன்பாடு எழுதுங்கள். மேலே படிப்பதற்கு முன் எழுதிவிடுங்கள்.

6மா = ஆ என்று வந்ததா? பலருக்கும் அப்படித்தான் வருகிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் கிளெமென்ட்டும் சக ஆய்வாளர்களும் இதே கணக்கை முதலாண்டுப் பொறியியல் மாணவர்களுக்குக் கொடுத்துப் பார்த்து, 1981-இல் முடிவை வெளியிட்டார்கள். மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானவர்கள் தவறாக எழுதியிருந்தார்கள். அதில் பெரும்பாலானவை இப்படித் தலைகீழாக எழுதியவைதான். கணக்கில் கெட்டிக்காரர்களே சறுக்கும் இடம் இது. அதனால் பிள்ளைகள் தவறு செய்தால் 'கவனக்குறைவு' என்று திட்டி முடித்துவிடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

ஏன் சறுக்குகிறது? '6மா' என்பதை 'ஆறு மாணவர்கள்' என்று மனம் படித்துவிடுகிறது. நாமே அப்படித்தானே பழக்கியிருக்கிறோம்! 6 மீ என்றால் ஆறு மீட்டர், 6 கி என்றால் ஆறு கிராம். அங்கே எழுத்து ஒரு சொல்லின் சுருக்கம். சமன்பாட்டில் எழுத்து ஓர் எண். மாணவர்கள் எத்தனை பேர் என்ற அந்த எண்தான் மா. ஆசிரியர் எண்ணிக்கையை ஆறால் பெருக்கினால்தான் மாணவர் எண்ணிக்கை வரும், ஆகவே மா = 6ஆ. சந்தேகம் இருந்தால் ஆசிரியர் 10 பேர், மாணவர் 60 பேர் என்று போட்டுப் பாருங்கள். 6மா = ஆ என்பதில் 360-ம் 10-ம் சமம் என்று வந்து நிற்கும்.

12-ஆம் நூற்றாண்டில் இந்தியக் கணித அறிஞர் பாஸ்கரர் தம் 'பீஜகணிதம்' என்ற நூலில் தெரியாத எண்ணுக்கு 'யாவத்-தாவத்' என்று பெயர் வைத்தார். எவ்வளவோ அவ்வளவு என்று பொருள். இரண்டாவது, மூன்றாவது எண்கள் தேவைப்பட்டால் காளகம், நீலகம் என்று நிறப் பெயர்கள். கணக்கு குதிரையைப் பற்றியதாக இருந்தாலும் எழுத்து குதிரையின் முதலெழுத்து இல்லை. எனக்கு இந்த வழி மிகவும் பிடிக்கும். பிள்ளைகளுக்குத் தொடக்கத்தில் சொல்லிக் கொடுக்கும்போது பொருளின் முதலெழுத்தைத் தவிர்த்துவிடுங்கள், குழப்பம் பாதி குறையும்.

அடுத்தது, 'மகனின் வயது ம என்க' என்று எழுதிவிட்டுக் கடகடவென்று கணக்குப் போடுவது. எப்போதைய வயது? அப்பாவின் வயது இப்போது மகனின் வயதைப் போல் 3 மடங்கு, 5 ஆண்டுகளுக்கு முன்பு 4 மடங்கு என்று வைத்துக்கொள்வோம். ம என்பது இன்றைய வயது என்றால் 3ம − 5 = 4(ம − 5), விடை 15. ஐந்தாண்டுக்கு முந்தைய வயது என்றால் 3(ம + 5) = 4ம + 5, விடை 10. இரண்டு சமன்பாடுமே சரி. ஆனால் இரண்டாவது வழியில் போனவர் 'மகனின் வயது 10' என்று எழுதி மதிப்பெண்ணை இழப்பார். 'ம = மகனின் இன்றைய வயது, ஆண்டுகளில்' என்று முழு வாக்கியமாக எழுதி வைத்தால் இது நடக்காது.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது ஆட்டோ கட்டணம் மாதிரியான கணக்குகள். 2013-இல் தமிழக அரசு சென்னை ஆட்டோக்களுக்கு நிர்ணயித்த கட்டணத்தை எடுத்துக்கொள்வோம். முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 12 ரூபாய். பலரும் உடனே க = 25 + 12தூ என்று எழுதி, தூ என்ற இடத்தில் மொத்தத் தூரத்தைப் போடுவார்கள். 10 கிலோமீட்டருக்கு 145 ரூபாய் வரும். உண்மையில் 12 ரூபாய் வீதம் கணக்கிட வேண்டியது 8.2 கிலோமீட்டருக்கு மட்டும்தான். 25 + 98.40, ஆக 123 ரூபாய் 40 காசு. முதல் 1.8 கிலோமீட்டருக்கு இரண்டு முறை காசு கொடுத்ததால் வந்த வித்தியாசம் 21 ரூபாய் 60 காசு.

சரி, தூ மொத்தத் தூரமாகவே இருக்கட்டும். அப்போது க = 25 + 12(தூ − 1.8). சுருக்கினால் க = 12தூ + 3.4. இப்போது 'இந்த 3.4 எதைக் குறிக்கிறது?' என்று கேட்டுப் பாருங்கள். 'ஆட்டோவில் ஏறி உட்கார்ந்ததும் 3 ரூபாய் 40 காசு' என்று பதில் வரும். மாறிலி, அதாவது எழுத்து ஒட்டாமல் தனியே நிற்கும் எண், என்றால் தொடக்கக் கட்டணம் என்று மனப்பாடம் செய்ததன் விளைவு. ஏறி உட்கார்ந்தால் 25 ரூபாய்தான். இந்தச் சமன்பாடு 1.8 கிலோமீட்டரிலிருந்துதான் செல்லும், தூரம் பூஜ்யமாக இருக்கும் இடத்துக்கு அதைக் கொண்டுபோகவே கூடாது. 3.4 என்பது சுருக்கும்போது வந்து விழுந்த எண், 25-இலிருந்து 21.6 போக மீதி, அவ்வளவுதான். 12-க்கு மட்டும் நேரடியான பொருள் உண்டு, 1.8-ஐத் தாண்டியபின் ஒரு கிலோமீட்டர் கூடினால் கூடும் ரூபாய்.

கெழுவையும் (எழுத்தைப் பெருக்கும் எண்) மாறிலியையும் கலக்கும் இன்னொரு இடம் வெப்பநிலை. ஃபாரன்ஹீட் = 1.8 × செல்சியஸ் + 32. தெர்மாமீட்டர் 2 டிகிரி செல்சியஸ் காட்டினால் அது 35.6 ஃபாரன்ஹீட். ஆனால் வெப்பநிலை 2 டிகிரி செல்சியஸ் உயர்ந்தது என்றால், உயர்ந்தது 3.6 ஃபாரன்ஹீட் மட்டுமே. உயர்வைக் கணக்கிடும்போது 32 இரண்டு பக்கமும் இருந்து கழிந்து போய்விடுகிறது.