சிங்கப்பூரில் கடைசி இரண்டு நாள்: பெட்டியைக் கொடுக்கும் முன் படித்துவிடுங்க

கோயமுத்தூரில் ஏறினால் நேரே சிங்கப்பூரில் இறங்கலாம் என்று ஆனதிலிருந்து, எங்கள் கோபிப் பக்கம் ஜோடியாகக் கிளம்புகிறவர்கள் அதிகம். விசா, ஹோட்டல் எல்லாம் ஊரே சொல்லிக்கொடுக்கும். நான் சொல்ல வருவது கடைசி இரண்டு நாளைப் பற்றி மட்டும். நாங்கள் கோட்டை விட்டது அங்கேதான்.

முதல் வேலை, ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் காலையிலேயே கடையை முடித்துவிடுங்கள். லிட்டில் இந்தியாவில் முஸ்தபா சென்டர் ஒன்றே போதும். ஒறம்பரைக்கு, அதாவது சொந்தக்காரர்களுக்குக் கொடுக்கக் கோடாலித் தைலம், சாக்லேட் என்று பட்டியல் போட்டுத்தான் போவோம். பட்டியலில் இல்லாத ஒரு பெரியம்மா கடைக்குள் போனதும் கண்டிப்பாக ஞாபகத்துக்கு வருவார். போகும்போது அசல் பாஸ்போர்ட்டைக் கொண்டுபோங்கள். வரியைத் திரும்பக் கேட்க அது வேண்டும். போனில் இருக்கும் போட்டோவைக் காட்டினால் ஆகாது.

ராத்திரியே பெட்டியை எடை போடுங்கள். கொக்கியில் மாட்டித் தூக்குகிற கைத்தராசுதான் என் கட்சி. பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு எடை மெஷினில் ஏறி நின்று கழித்துப் பார்ப்பதெல்லாம் இடுப்புக்கு ஆகாத வேலை.

பொழுதோட கார்டன்ஸ் பை தி பே. அங்கே மரம் போல நிற்கும் சூப்பர் ட்ரீ கோபுரங்களின் விளக்குக் காட்சி 7.45-க்கும் 8.45-க்கும், இலவசம். கழுத்தை வளைக்காமல் ஒரு துண்டை விரித்துப் படுத்துக்கொண்டு பாருங்கள். அங்கே எல்லாரும் அப்படித்தான். முதல் காட்சி முடிந்து பொடிநடையாக மெரினா பே சாண்ட்ஸ் ஹோட்டல் முன்னால் போனால் 9 மணி தண்ணீர்க் காட்சியையும் பிடித்துவிடலாம். மறுநாள் காலைக்கு பொட்டானிக் கார்டன், அதற்கும் டிக்கெட் கிடையாது. ரப்பர் மரத்தைச் சாகடிக்காமல் பால் எடுக்கும் முறையை ரிட்லி என்பவர் கண்டது இந்தத் தோட்டத்தில்தான். தென்னந்தோப்புக்காரனான நான் அங்கிருந்து நகரவே இல்லை, திட்டு வாங்கினேன்.

ரயிலில் ஒரு எச்சரிக்கை. பேங்க் கார்டையே தட்டிவிட்டுப் போகலாம், ஆனால் ஆளுக்கொரு கார்டு வேண்டும். போனைத் தட்டி உள்ளே போனவர் வெளியே வரும்போதும் போனைத்தான் தட்ட வேண்டும். அதே கார்டாக இருந்தாலும் பிளாஸ்டிக்கைத் தட்டினால் மெஷினுக்கு அது வேறு ஆள்.

இனிதான் விஷயம். ஏர்போர்ட்டில் எதற்கு அப்புறம் எது என்ற வரிசை.

சிங்கப்பூரில் ஜிஎஸ்டி 9 சதவீதம். டூரிஸ்டுக்கு வரியைத் திருப்பித் தரும் திட்டத்தில் இருக்கிற கடையில் 100 டாலருக்கோ அதற்கு மேலோ வாங்கினால் அதைத் திரும்பக் கேட்கலாம். ஒரே கடையில் ஒரே நாளில் போட்ட பில்களை மூன்று வரை கூட்டிக்கொள்ளலாம். எங்கள் பில் 218 டாலர், அதில் வரி 18. கொஞ்சம் கட்டணம் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள்.

ஊர் திரும்பச் சாங்கி ஏர்போர்ட்டுக்குப் போனதும் நான் நேரே பெட்டியைப் போடும் வரிசைக்குப் போனேன். “ஏனுங்க, அந்த மெஷின்கிட்ட கூட்டமா நிக்கறாங்க, என்னன்னு பார்த்துட்டு வரலாமுங்க” என்றாள் வீட்டுக்காரி. “பொறகு பாக்கலாம் அம்மிணி” என்றேன். அது வரியைத் திரும்பக் கேட்கிற மெஷின். பெட்டி பெல்ட்டில் ஏறிப் போன பிறகு அதில் பாஸ்போர்ட்டை வைத்தால், பொருளைக் கொண்டுபோய் சுங்கத்தில் காட்டு என்று வந்து நிற்கிறது. பொருளோ விமானத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. 18 டாலர் அதோடு சரி. ஊர் வந்து சேரும்வரை அவள் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். முதலில் வரி மெஷின். காட்டச் சொன்னால் பெட்டியோடு போய்க் காட்டுங்கள். பிறகு பெட்டியைப் போடுங்கள். கைப்பையில் கொண்டுபோகும் பொருளுக்கு மட்டும் இமிக்ரேஷன் தாண்டி உள்ளே இருக்கும் மெஷினில் வரியைக் கேட்டால் போதும்.

பெட்டியைக் கொடுத்ததும் உள்ளே ஓடாதீர்கள். 40 மீட்டர் உயரத்திலிருந்து தண்ணீர் கொட்டுகிற ஜூவல் வளாகம், டெர்மினல் 1-ஐ ஒட்டி வெளிப்பக்கம் இருக்கிறது. இமிக்ரேஷனைத் தாண்டிவிட்டால் அதன் அடியில் போய் நிற்க முடியாது. பையில் மிச்சமிருக்கும் சில்லறையை அங்கேயே காபிக்குக் கொடுத்துத் தீர்த்துவிடுங்கள், நோட்டு மாற்றுகிறவர்கள் நம்மூரில் நாணயத்தைத் தொடமாட்டார்கள். ரொக்கமாக வரிப்பணம் வாங்கும் கவுண்டர் இமிக்ரேஷனுக்கு அப்புறம், உள்ளே.

பிற்சேர்க்கை: இதைப் படித்துவிட்டுப் போன பெருந்துறைக்காரர் ஒருவர், “பில்லைப் பாதி என் பாஸ்போர்ட்டிலும் பாதி அவங்க பாஸ்போர்ட்டிலும் போட்டுட்டோம், ரெண்டும் 100 டாலரைத் தொடலைங்க” என்று எழுதியிருக்கிறார். கூட்ட முடியாதுங்க. யார் பாஸ்போர்ட்டோ அவர் பேரில்தான் கணக்கு. கடைக்குள் போவதற்கு முன்பே யார் பேரில் என்று பேசிவைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் அடுத்த தடவை அவள் பேரில்.