நாடாளுமன்றச் செய்தியைப் பகிரும் முன் கடிகாரத்தைப் பாருங்கள்

கூட்டத்தொடர் தொடங்கினால் போதும், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்து விழும்: மக்களவையில் வரிசை வரிசையாக இருக்கைகள் காலி, நடுவில் யாரோ ஒருவர் மட்டும் நின்று பேசுகிறார், கீழே "இதுக்குத்தான் நம்ம வரிப்பணமா?". கோபம் நியாயம்தான். ஆனால் அது எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு எடுத்த படம் என்று கேட்டால் அனுப்பியவருக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை பிற்பகல் தனிநபர் மசோதாக்களுக்கான (அமைச்சராக இல்லாத உறுப்பினர்கள் கொண்டுவருபவை) நேரம், பலர் அதற்குள் ஊருக்குக் கிளம்பியிருப்பார்கள். அவை நடக்கக் குறைந்தபட்சம் பத்தில் ஒரு பங்கு பேர் இருக்க வேண்டும் என்பது அரசியல் சட்டம், அதாவது மக்களவையில் 55 பேர். குறைந்தால் மணி அடித்து ஆட்களைக் கூப்பிடுவார்கள். ஆனால் மதிய உணவு நேரத்திலும் மாலை 6 மணிக்கு மேலும் "கோரம் (இந்தக் குறைந்தபட்ச எண்ணிக்கை) இல்லை" என்று யாரும் கிளப்புவதில்லை, அது எல்லாக் கட்சிகளும் காக்கும் எழுதாத ஒப்பந்தம். பகல் 11.30 மணிக்குக் காலியாக இருந்தால் திட்டுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன்.

அடுத்தது "எங்க எம்.பி. 300 கேள்வி கேட்டார்" கணக்கு. மக்களவையில் ஒரு நாளைக்கு நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் 20, குறியிடாதவை 230 வரை. முதல் வகைக்குத்தான் அமைச்சர் எழுந்து வாயால் பதில் சொல்ல வேண்டும், அப்புறம் துணைக் கேள்வி கேட்டு அவரை மடக்கலாம். இரண்டாவது வகைக்கு எழுத்தில் பதில் வரும், அவ்வளவுதான். எது முன்னால் வரும் என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கிறது. அந்த 20-லும் கேள்வி நேரம் என்கிற ஒரு மணி நேரத்தில் தேறுவது நாலைந்துதான், மிச்சத்துக்கும் எழுத்துப் பதிலே. ஒரே கேள்வியில் ஏழெட்டு உறுப்பினர்களின் பெயர் சேர்ந்திருப்பதும் உண்டு, அது ஒவ்வொருவர் கணக்கிலும் ஏறும். எனவே எண்ணிக்கையை விட்டுவிட்டுக் கேள்வியையே எடுத்துப் படியுங்கள், நாடாளுமன்ற இணையதளத்தில் பதிலோடு கிடைக்கிறது. உங்கள் தொகுதி ரயில்வே மேம்பாலம் பற்றி ஒரு கேள்வி இருந்தால் அது மற்ற ஐம்பதுக்குச் சமம்.

பூஜ்ய நேரத்தில், அதாவது உறுப்பினர்கள் அவசரப் பிரச்சினைகளைக் கிளப்பும் நேரத்தில், ஒருவர் ஆவேசமாகப் பேச, அமைச்சர் பேசாமல் உட்கார்ந்திருக்கும் வீடியோ இன்னொன்று. "வாயடைத்துப் போனார்" என்று தலைப்பு வேறு. பூஜ்ய நேரம் என்ற சொல்லே விதிப்புத்தகத்தில் கிடையாது, உடனே பதில் சொல்லும் கட்டாயமும் அமைச்சருக்கு இல்லை. மக்களவையில் இது 12 மணிக்கு, கேள்வி நேரம் முடிந்தபின் வரும். மாநிலங்களவையில் 2014 கடைசியிலிருந்து தலைகீழ்: 12 மணிக்குத்தான் கேள்வி நேரம். இரண்டையும் குழப்பி எழுதும் செய்தி நிறைய.

தனிநபர் மசோதாவில் நானே ஏமாந்திருக்கிறேன். அமைச்சராக இல்லாத ஓர் உறுப்பினர் ஏதோ மசோதா அறிமுகம் செய்தார் என்று படித்ததும் "புதுச் சட்டம் வருது" என்று நாலு பேருக்கு அனுப்பிவிட்டேன். அப்புறம்தான் தெரிந்தது, சுதந்திர இந்தியாவில் அப்படிச் சட்டமானவை மொத்தமே 14, கடைசியானது 1970-இல். திருச்சி சிவா கொண்டுவந்த திருநங்கையர், திருநம்பியர் உரிமை மசோதாவை 2015 ஏப்ரல் 24 அன்று மாநிலங்களவை நிறைவேற்றியதே பெரிய அதிசயம், ஏனென்றால் அதற்கு முன் பல பத்தாண்டுகளாக எந்த அவையிலும் அப்படி நடக்கவில்லை. அதுவும் மக்களவையைத் தாண்டவில்லை. அரசு தன் கணக்கில் வேறொரு மசோதா கொண்டுவந்து 2019-இல் சட்டமாக்கியது. அறிமுகம் என்றால் வெறும் அறிமுகம் என்று எடுத்துக்கொள்வது உடம்புக்கு நல்லது.

சரி, கடைசியாக ஒத்திவைப்பு. "அவை 2 மணி வரை ஒத்திவைப்பு" என்றால் அமளியாகவும் இருக்கலாம், சாப்பாட்டு இடைவேளையாகவும் இருக்கலாம், உள்ளே படித்துப் பாருங்கள். தேதி குறிப்பிடாமல் ஒத்திவைப்பது சபாநாயகர், கூட்டத்தொடரை முறைப்படி முடித்துவைப்பது குடியரசுத் தலைவர். இந்த இரண்டில் எது நடந்தாலும் நிலுவையில் இருக்கும் மசோதா செத்துவிடாது, அடுத்த கூட்டத்தொடரில் அப்படியே தொடரும். மக்களவை கலைக்கப்பட்டால்தான் அங்கே கிடக்கும் மசோதாக்கள் காலாவதி.