எல்லோரும் பிஸி, சரக்கு மட்டும் நகரவில்லை

போன வாரம் எங்கள் யூனிட்டில் புதிதாகச் சேர்ந்த புரொடக்‌ஷன் மேனேஜர் தம்பி முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். "அண்ணே, ரெண்டு நாளா ஒரு மெஷின்கூட சும்மா நிக்கல" என்றார். அவருக்குப் பின்னால் கட்டிங் டேபிளில் இருந்து தையல் லைன் வரைக்கும் வெட்டிய துணிக் கட்டுகள், எங்கள் பேச்சில் பண்டில்கள், இடுப்பு உயரத்துக்கு அடுக்கியிருந்தன. எனக்கு வயிற்றைக் கலக்கியது. 15 வருடங்களுக்கு முன் இதே திருப்பூரில் இந்தப் பொறுப்புக்கு வந்தபோது நானும் இதே வார்த்தையைத்தான் முதலாளியிடம் சொன்னேன்.

நேரத்துக்கு வர வேண்டும், ஆட்களிடம் எரிந்து விழக் கூடாது, கணக்கை அன்றன்றே எழுத வேண்டும் என்பதெல்லாம் யாரும் சொல்வார்கள். நிர்வாகம் படித்துவிட்டு வருகிறவர்களும் தையலில் இருந்து மேலே வருகிறவர்களும் ஒரே மாதிரி விழுகிற இடங்களை மட்டும் சொல்கிறேன்.

எல்லா மெஷினும் ஓட வேண்டும் என்று நினைப்பது

அன்று எங்களுக்கு வந்தது 18,000 போலோ டீ ஷர்ட். போலோவில் கஷ்டமான வேலை முன்கழுத்தில் வரும் பட்டன் பட்டி. கோணல் தெரியாமல் அதைத் தைக்க நல்ல கை வேண்டும். எங்களிடம் அப்படி நான்கு பேர்தான். ஒருவர் ஒரு ஷிஃப்டில் 150 தைப்பார், ஆக நாளுக்கு 600. கட்டிங்கோ நாளுக்கு 1,200 வெட்டும். மற்றத் தையலைச் செய்யும் ஓவர்லாக், பிளாட்லாக் மெஷின்கள் 1,000 பீஸ் வரை தாங்கும். நான் என்ன செய்தேன்? எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி பார்த்து நாளுக்கு 900 வரும் என்று முடிவு கட்டி, 20 நாளில் தையல் முடியும் என்று ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசரிடம் சொல்லிவிட்டேன். 600-க்கு மேல் ஒரு பீஸ்கூட அந்த லைனில் இருந்து வெளியே வர வழியில்லை. சரியான கணக்கு 30 நாள்.

பத்தாம் நாள் 12,000 வெட்டியாகிவிட்டது. பட்டி டேபிளைத் தாண்டியது 6,000. மீதி 6,000 தரையில். இதைக் கணக்காகப் பார்க்க ஒரு சூத்திரம் இருக்கிறது, 1961-ல் ஜான் லிட்டில் நிரூபித்தது: காத்திருக்கும் சரக்கை நாளொன்றுக்கு வெளியேறும் சரக்கால் வகுத்தால் காத்திருக்கும் நாள் வரும். 6,000-ஐ 600-ஆல் வகுங்கள். அன்று காலை வெட்டிய பண்டிலுக்குப் பட்டி தைக்கவே இன்னும் 10 நாள் ஆகும். நான் அதைக் கட்டிங்கை முடுக்கிவிட்டுச் சரிசெய்யப் பார்த்தேன்.

தாமதத்தோடு போயிருந்தால் சரக்கை வாங்கும் பையரிடம் கெஞ்சியிருக்கலாம். குவியல் அதற்கு மேலும் செய்தது. அடுக்கி, நகர்த்தி, மறுபடி அடுக்கியதில் எந்தத் துண்டு எதோடு சேரும் என்று காட்டும் நம்பர் ஸ்டிக்கர்கள் உதிர்ந்தன. தனித்தனியாகச் சாயமேற்றிய இரண்டு டையிங் லாட் கலந்துபோனது. ஒரே சட்டையில் கை ஒரு ஷேட், உடம்பு ஒரு ஷேட். செக்கிங்கில் அது தெரியவந்தபோது வெட்டிய துணியைத் திரும்ப ரோலாக்க முடியுமா? புதிதாகத் துணி சாயமேறி வர நாட்கள் போயின. அதோடு வெட்டுவதற்குத் துணியை அடுக்கி விரிக்க, அதாவது லே போட, வசதி என்று எம் சைஸை முதலில் வெட்டிக் குவித்திருந்தோம். பெட்டிக்கு எஸ், எம், எல், எக்ஸ்எல் எல்லாம் விகிதப்படி சேர்ந்தால்தான் பேக்கிங். எல் இல்லாமல் எம் மட்டும் ஆயிரக்கணக்கில் இருந்து பயனில்லை. தூத்துக்குடியில் கப்பல் போய்விட்டது. சரக்கு விமானத்தில் போனது, அந்தச் செலவு எங்கள் தலையில். அந்த ஆர்டரின் லாபம் முழுக்க அதில் கரைந்தது. இன்றும் பண்டில் குவியலைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

ஒவ்வொரு தொழிலாளியின் வேலையையும் அளந்து வேகப்படுத்தும் முறையை 1911-ல் எழுதிய அமெரிக்கப் பொறியாளர் டெய்லரைப் படித்தவர்கள் இந்த இடத்தில் சுலபமாக ஏமாறுவார்கள். அமெரிக்காவின் பெத்லஹேம் இரும்பு ஆலையில் ஒரு தொழிலாளி நாளுக்குப் பன்னிரண்டரை டன் இரும்பு ஏற்றியதை நாற்பத்தேழரை டன்னாக உயர்த்தியதாக அவர் எழுதினார். அவர் கணக்குப் பார்த்தது இரும்பைத் தூக்கி ரயில் வேகனில் வைக்கும் ஒரு வேலையை. தையல் லைன் அப்படி இல்லை, ஒருவர் கையில் இருந்து அடுத்தவர் கைக்குப் போவது. இயற்பியல் படித்துவிட்டு நிர்வாகம் பற்றி எழுதிய கோல்ட்ராட் 1984-ல் இதை நேராகச் சொன்னார்: நெருக்கடி இருக்கும் ஒரு இடத்தில் ஒரு மணி நேரம் போனால் ஆலைக்கே ஒரு மணி நேரம் போனது, மற்ற இடத்தில் ஒரு மணி நேரம் மிச்சமானால் ஒன்றும் மிச்சமில்லை. டொயோட்டா கார் கம்பெனியின் பொறியாளர் ஓனோவும் ஏழு வகை வீணடிப்புகளில் தேவைக்கு மேல் செய்வதைத்தான் மிக மோசமானது என்றார்.

பிறகு நாங்கள் மாற்றியது இது. பட்டி டேபிளில் சாப்பாட்டு நேரத்திலும் மெஷின் நிற்காதபடி இரண்டு இரண்டு பேராகச் சாப்பிட அனுப்பினோம். காலரையும் பட்டித் துணியையும் அந்த டேபிளுக்கு வருவதற்கு முன்பே செக் செய்தோம், கெட்ட துணியில் அந்த நான்கு பேரின் நேரம் போகக் கூடாது என்பதற்காக. கட்டிங்கை நாளுக்கு 600-ல் நிறுத்தினோம், சைஸ் விகிதப்படி. இதெல்லாம் ஆன பிறகுதான் ஐந்தாவது ஆளைப் பழக்கினோம்.

கட்டிங்கை நிறுத்துவதில் ஒரு சிக்கல் இருக்கிறது, புதியவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். கட்டிங் மாஸ்டருக்குப் பீஸ் ரேட், வெட்டிய பீஸுக்குத்தான் கூலி. வெட்டாதே என்று சொன்னால் அவர் வீட்டுச் செலவில் கை வைக்கிறீர்கள். அவர் எப்படிக் கேட்பார்? அந்த நேரத்துக்கு ஷிஃப்ட் கூலி பேசி, நம்பர் ஒட்டவும் பண்டில் கட்டவும் விட்டோம். முதலாளி முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. விமானச் செலவு பில்லைப் பக்கத்தில் வைத்துக் காட்டிய பிறகு ஒத்துக்கொண்டார்.

நல்ல டெய்லரைக் கேட்காமல் சூப்பர்வைசர் ஆக்குவது

அந்த நான்கு பேரில் கைதேர்ந்த அக்காவை நாங்கள் பாராட்டி மேலே தூக்கினோம். பட்டி நாளுக்கு 600-ல் இருந்து 450 ஆனது. அவருக்கும் ஆட்களை மேய்க்கப் பிடிக்கவில்லை. இரண்டே வாரத்தில் "தம்பி, என்னை மெஷினுக்கே விட்ருங்க" என்றார்.

புத்தகத்து மேனேஜராக இருக்க முயல்வது

பிரெஞ்சுச் சுரங்கப் பொறியாளர் ஃபயோல் 1916-ல் மேனேஜரின் வேலையைத் திட்டமிடல், ஒழுங்கமைத்தல், கட்டளையிடல், ஒருங்கிணைத்தல், கட்டுப்படுத்தல் என்று பிரித்தார். அதைப் படித்து வருகிறவர்கள், அறையில் உட்கார்ந்து திட்டம் போட நேரமே இல்லையே என்று மனம் உடைகிறார்கள். நிர்வாக ஆய்வாளர் மின்ட்ஸ்பெர்க் ஐந்து நிறுவனத் தலைவர்களை ஆளுக்கு ஒரு வாரம் கூடவே இருந்து கவனித்ததை 1973-ல் புத்தகமாக எழுதினார். அவர்கள் செய்த காரியங்களில் பாதி ஒன்பது நிமிடம்கூட நீடிக்கவில்லை. குறை உங்களிடம் இல்லை, வேலையே அப்படித்தான். அதனால்தான் தொந்தரவுகள் தொடங்கும் முன், காலையில் முதல் வேலையாக லைனைச் சுற்றிவரச் சொல்கிறேன்.

ஆர்டரைப் பிடிக்க விலையை இறக்குவது

உங்கள் செலவு உண்மையிலேயே குறைந்திருந்தால் மட்டும்.

எல்லா பையருக்கும் சரி என்பது

வேண்டாம்.

தம்பியிடம் நான் இதையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லவில்லை. ஒவ்வொரு டேபிளுக்கு முன்னாலும் எத்தனை பண்டில் காத்திருக்கிறது என்று எண்ணி, சாக்பீஸால் தரையில் எழுதச் சொன்னேன். நேற்றுச் சாயங்காலம் காலர் டேபிளுக்கு முன்னால் 84 என்று எழுதியிருந்தார். மற்ற இடங்களில் ஆறு, ஏழு. இன்று காலை அவரே போய்க் கட்டிங் மாஸ்டரிடம் பேசிக்கொண்டிருந்தார்.