ஆச்சியும் பாட்டாவும் வீட்டில் விழாமல் இருக்க என்ன செய்யணும்?

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ஜூனில் ஒரு மழை, ஐப்பசியில் இன்னொரு மழை, அதனால் முற்றத்திலும் கிணற்றடியிலும் பாசி காயவே நேரம் கிடைப்பதில்லை. முதல் வேலை அதுதான். பிளீச்சிங் பவுடர் தூவி ஊறவிட்டுத் தேய்த்துக் கழுவுங்கள் (ஆசிட்டோடு சேர்த்துவிடாதீர்கள், விஷப்புகை வரும்).

அப்புறம் ராத்திரி. பழைய வீடுகளில் கக்கூஸ் பின்பக்கம் இருக்கும், படி இறங்கித்தான் போகணும், பிரஷர் மாத்திரையோ தூக்க மாத்திரையோ போடுகிறவர்கள் சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். கட்டிலிலேயே கொஞ்சநேரம் உட்கார்ந்து காலை ஆட்டிவிட்டு எழச் சொல்லுங்கள். வழியெல்லாம் வெளிச்சம் வேண்டும். கக்கூஸ் சுவரில் போல்ட் போட்ட கைப்பிடி வையுங்கள், துண்டு காயப்போடும் கம்பி ஆள் எடையைத் தாங்காது. தேய்ந்த ரப்பர் செருப்பு, காலில் தட்டும் சாரம் (லுங்கி), வாசலில் கிடக்கும் சாக்கு எல்லாவற்றையும் மாற்றுங்கள்.

உலக சுகாதார அமைப்பின் கணக்கில் ஆண்டுக்குச் சுமார் 6,84,000 பேர் விழுந்து இறக்கிறார்கள், 60 தாண்டியவர்களே அதிகம். இடுப்பெலும்பு உடைந்து படுத்தால் படுக்கைப்புண், நிமோனியா, காலில் ரத்தக்கட்டு என்று ஒவ்வொன்றாக வரும்.

விழுந்துவிட்டால் பதறி உடனே தூக்காதீர்கள். ஒரு கால் மற்றதைவிடக் குட்டையாகத் தெரிந்து, பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தால் பெரும்பாலும் இடுப்பெலும்பு முறிவுதான். வர்ம வைத்தியம் பார்க்கும் ஆசான்கள்மேல் எனக்கும் மரியாதை உண்டு, ஆனாலும் எக்ஸ்ரே எடுக்காமல் அந்தக் காலை எண்ணெய் போட்டு உருவவோ இழுக்கவோ யாரையும் விடக்கூடாது. 108-ஐக் கூப்பிட்டு ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரிக்கோ பக்கத்தில் எலும்பு மருத்துவர் இருக்கிற இடத்துக்கோ கொண்டுபோங்கள். தலையில் அடிபட்டவர் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர் என்றால், காயமே தெரியாவிட்டாலும் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டணும். உள்ளே மெல்லக் கசியும் ரத்தம் சில வாரம் கழித்துக்கூடத் தலைவலியாக, தூக்கக் கலக்கமாக, பேச்சுக் குழறலாக வெளியே வரும்.

இன்னொன்று, ஆச்சியும் பாட்டாவும் விழுந்ததை மறைப்பார்கள். கையில் சிராய்ப்பைப் பார்த்துக் கேட்டால் "ஒண்ணுமில்ல மக்களே, லேசா வழுக்கிச்சு" என்பார்கள். விடாதீர்கள், ஒருமுறை விழுந்தவர் மறுபடி விழ வாய்ப்பு அதிகம். எங்கே, எத்தனை மணிக்கு, எந்த மாத்திரை போட்ட பிறகு என்று கேட்டுக் குறித்துவைத்து, அடுத்தமுறை மருத்துவரிடம் மாத்திரைப் பையோடு சேர்த்துக் காட்டுங்கள்.