தண்ணீரை இறைக்கக் கற்றுக்கொள்வது எப்படி? ஒரு வாரச் செய்முறை

இறைத்தல் என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள் உண்டு. ஆழத்தில் கிடக்கும் தண்ணீரைக் கயிறு போட்டு மேலே கொண்டுவருவதும் இறைத்தல்தான், கையில் இருப்பதைக் கணக்கில்லாமல் வாரி வீசுவதும் இறைத்தல்தான். குழாய் வந்த பிறகு முதல் வேலை நம் கையைவிட்டுப் போய்விட்டது. இரண்டாவது மட்டும் தங்கிவிட்டது.

தண்ணீருக்கு நன்றியோடு இருக்க வேண்டும் என்று யார் சொன்னாலும் தலையாட்டுவோம். அடுத்த பத்தாவது நிமிடம் குழாயைத் திறந்து விட்டபடியே பல் தேய்ப்போம். இதில் மனத்தின் மேல் குறை சொல்ல எனக்குத் தோன்றவில்லை. தண்ணீரின் எடை கைக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். அதனால் இந்தச் செய்முறையைக் கையிலிருந்தே தொடங்குகிறேன். ஒரு வாரம் போதும்.

தேவையானவை: ஒரு லிட்டர் பாட்டில், 10 லிட்டர் வாளி, ஒரு குவளை, செல்போனில் உள்ள ஸ்டாப்வாட்ச், கொஞ்சம் உணவு நிறமி, ஒரு சின்ன நோட்டு.

படி 1: ஒரு நாள் முழுக்கத் தூக்கிப் பாருங்கள்

வீட்டில் இருக்கும் ஒரு விடுமுறை நாளைத் தேர்ந்தெடுங்கள். அன்றைக்கு வீட்டில் ஒரே ஒரு குழாயைத்தான் திறக்கலாம். குடிக்க, குளிக்க, பாத்திரம் கழுவ, கழிப்பறையில் ஊற்ற என எல்லாவற்றுக்கும் அந்தக் குழாயில் பிடித்துத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். ஒவ்வொரு வாளிக்கும் நோட்டில் ஒரு கோடு. முதுகுவலி உள்ளவர்களும் வயதானவர்களும் அரை வாளியோ ஒரு குடுவையோ தூக்கினால் போதும். சிரமப்பட்டுச் செய்ய வேண்டாம்.

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. அப்படியென்றால் 10 லிட்டர் வாளி 10 கிலோ. இந்தக் கணக்கு பள்ளிக்கூடத்திலேயே தெரிந்ததுதான். ஆனால் தெரிவது வேறு, தூக்குவது வேறு. நான் முதல்முறை செய்தபோது குளியலறைக் குழாயிலிருந்து சமையலறைக்குப் பதினாறு தப்படி. முதல் வாளியை எளிதாகக் கொண்டுபோய் வைத்துவிட்டேன். மூன்றாவது வாளியில் கைப்பிடிக் கம்பி விரல் மடிப்பில் பதிய ஆரம்பித்தது. தண்ணீர் ஒரு பக்கம் தளும்பும்போது உடம்பு தானாக மறுபக்கம் சாய்ந்தது. கீழே சிந்திய சொட்டுகளைத் திரும்பிப் பார்த்தேன். அதுவரை சிந்திய தண்ணீரை நான் அப்படித் திரும்பிப் பார்த்ததே இல்லை.

மதியம் இன்னொன்று நடந்தது. கை கழுவக் குவளையில் மொண்டு ஊற்றினேன். சோப்பு போனதும் குவளை சாய்வதை மணிக்கட்டு தானாகவே நிறுத்திக்கொண்டது. யாரும் சொல்லவில்லை, நானும் யோசிக்கவில்லை. சிக்கனத்தை அந்தக் கை ஒரே காலையில் கற்றுக்கொண்டிருந்தது.

இரவு கோடுகளை எண்ணுங்கள். ஒருவரின் அடிப்படைத் தேவைகளுக்கு ஒரு நாளைக்கு 50 முதல் 100 லிட்டர் வரை வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. குறைந்த அளவையே எடுத்துக்கொண்டாலும் ஐந்து வாளி, 50 கிலோ. நீங்கள் தூக்கியது வீட்டுக்குள்ளே சில அடி தூரம்தான். உலகின் பல பகுதிகளில் தண்ணீரைச் சுமந்துகொண்டு நெடுந்தூரம் நடப்பவர்கள் பெரும்பாலும் பெண்களும் சிறுமிகளும். சுத்தமான குடிநீர் மனித உரிமை என்று ஐ.நா. பொதுச்சபை தீர்மானம் போட்டதே 2010 ஜூலை 28ஆம் தேதிதான். நம் குழாயைத் திறந்தால் வருவது அவர்கள் காலையெல்லாம் நடந்து கொண்டுவரும் அதே பொருள்.

மற்ற படிகளைச் செய்ய நேரம் இல்லை என்றால் இது ஒன்றை மட்டுமாவது செய்துவிடுங்கள்.

படி 2: குழாயின் வேகத்தை அளந்து எழுதுங்கள்

ஒரு லிட்டர் பாட்டிலைக் குழாய்க்குக் கீழே பிடியுங்கள். வழக்கமாகத் திறக்கும் அளவுக்குத் திறந்து, பாட்டில் நிரம்ப எத்தனை நொடி ஆகிறது என்று பாருங்கள். 60ஐ அந்த நொடியால் வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்பது வந்துவிடும்.

10 நொடியில் நிரம்பினால் நிமிடத்துக்கு 6 லிட்டர். இரண்டு நிமிடம் குழாயைத் திறந்து வைத்துப் பல் தேய்த்தால் 12 லிட்டர், காலையும் இரவும் சேர்த்து 24. வாய் கொப்பளிக்க ஒரு குவளை போதும். மிச்சமெல்லாம் நேற்று நீங்கள் தூக்கிய வாளிகளில் இரண்டுக்கு மேல். ஷவரை வாளியில் பிடித்து அளந்து பாருங்கள். நிமிடத்துக்கு 8 லிட்டர் என்று வந்தால், பத்து நிமிடக் குளியல் எட்டு வாளி.

வேகம் அதிகமாக இருந்தால் குழாய் முனையில் ஏரேட்டர் என்ற சின்னச் சல்லடையைத் திருகிப் பொருத்தலாம். அது தண்ணீரோடு காற்றைக் கலந்து விடுவதால் பீய்ச்சல் குறைந்த மாதிரித் தெரியாது, செலவு மட்டும் குறையும். அது கிடைக்கும்வரை, குழாய்க்கு அடியில் உள்ள வால்வைக் கொஞ்சம் திருகி வைத்தாலே நல்ல வித்தியாசம் தெரியும்.

படி 3: சத்தமில்லாமல் போகும் தண்ணீரைப் பிடியுங்கள்

சிக்கனமாக இருக்கும் வீடுகளிலும் தண்ணீர் தொலைவது இங்கேதான். யாரும் தப்புச் செய்யாமலே போய்க்கொண்டிருக்கும். மூன்று சோதனைகள் இருக்கின்றன.

முதலாவது, சொட்டும் குழாய். ஒரு டம்ளரை அடியில் வைத்துச் சரியாக ஒரு மணி நேரம் விடுங்கள். சேர்ந்ததை 24ஆல் பெருக்குங்கள். 150 மில்லி சேர்ந்திருந்தால் ஒரு நாளைக்கு 3.6 லிட்டர், வருடத்துக்கு 1,314 லிட்டர். எடையில் ஒரு டன்னுக்கு மேல். பெரும்பாலும் காரணம் தேய்ந்துபோன ஒரு வாஷர்தான்.

இரண்டாவது, மீட்டர். மீட்டர் உள்ள வீடாக இருந்தால் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் யாரும் தண்ணீரைத் தொட வேண்டாம். எண் நகர்ந்திருந்தால் எங்கோ கசிகிறது. பல மீட்டர்களில் சின்னச் சக்கரம் ஒன்று இருக்கும். மெல்லிய ஓட்டத்துக்கும் அது சுற்றும்.

மூன்றாவதுதான் எனக்குப் பாடம் கற்றுக்கொடுத்தது: கழிப்பறை ஃப்ளஷ் தொட்டி. மூடியைத் தூக்கி, தொட்டித் தண்ணீரில் உணவு நிறமி சில சொட்டுகள் விடுங்கள். அரை மணி நேரம் யாரும் ஃப்ளஷ் செய்யக் கூடாது. அப்புறம் கோப்பையைப் பாருங்கள். உள்ளே நிறம் இறங்கியிருந்தால் தொட்டியின் அடியில் உள்ள ரப்பர் சரியாக மூடவில்லை. என் வீட்டுத் தொட்டியில் எந்தச் சத்தமும் கேட்டதில்லை, கோப்பையின் சுவரில் ஈரம் வழிவதும் கண்ணுக்குத் தெரிந்ததில்லை. நிறமி விட்டு இருபது நிமிடத்தில் வெள்ளைப் பீங்கானில் மெல்லிய சிவப்புக் கோடு ஒன்று இறங்கிக்கொண்டிருந்தது. எத்தனை மாதமாக அப்படி ஓடியதோ! ரப்பரை மாற்ற ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

தொட்டியைத் திறந்த கையோடு நீர்மட்டத்தையும் பாருங்கள். நடுவில் நிற்கும் வழிகுழாயின் விளிம்புக்கு ஓர் அங்குலம் கீழே தண்ணீர் நிற்க வேண்டும். விளிம்பைத் தொட்டால் வழிந்துகொண்டே இருக்கும். அப்போது மிதவையைச் சற்றுத் தாழ்த்தி வையுங்கள். இரண்டு பொத்தான் உள்ள தொட்டியாக இருந்தால், எது சிறியது என்று வீட்டில் எல்லோருக்கும் காட்டிக்கொடுங்கள். பல வீடுகளில் இரண்டையும் சேர்த்தே அழுத்துகிறார்கள்.

படி 4: அன்றாட வேலைகளைப் பாத்திரத்துக்கு மாற்றுங்கள்

ஒரே விதிதான்: ஓடும் தண்ணீருக்குப் பதில் பிடித்துவைத்த தண்ணீர். பிடித்துவைத்தது எப்போது தீரும் என்று கண்ணுக்குத் தெரியும்.

பாத்திரம் கழுவும்போது முதலில் ஒட்டியிருப்பதை வழித்து எடுத்துவிடுங்கள். காய்ந்து போனதைச் சிறிது நேரம் ஊறவிடுங்கள். குழாயை மூடிவிட்டு எல்லாவற்றுக்கும் சோப்புப் போடுங்கள், கடைசியில் மொத்தமாக அலசுங்கள். பாத்திரம் கழுவும் இயந்திரம், துணி துவைக்கும் இயந்திரம் இரண்டையும் நிரம்பிய பிறகே ஓட்டுங்கள். குளியலுக்கு வாளி நல்லது. ஷவர்தான் பிடிக்கும் என்றால் சோப்புப் போடும் நேரத்தில் மூடுங்கள். வெந்நீர் வருவதற்காகக் காத்திருக்கும்போது ஓடும் குளிர்ந்த தண்ணீரை வாளியில் பிடியுங்கள். அது முழுக்க நல்ல தண்ணீர்.

இரண்டு இடங்களில் மட்டும் சிக்கனம் வேண்டாம். ஒன்று குடிப்பது. இன்னொன்று கை கழுவுவது. கையை நனைத்து, குழாயை மூடி, சோப்பால் 20 நொடி தேய்த்து, பிறகு திறந்து அலசினால் சுத்தமும் குறையாது, தண்ணீரும் வீணாகாது.

துணியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பருத்தி விளைவதில் தொடங்கி ஒரு சட்டை கைக்கு வரும்வரை, உலக சராசரியாக 2,500 லிட்டர் அளவில் தண்ணீர் செலவாகிறது. இரண்டரை டன். இருக்கும் சட்டையை இன்னும் ஒரு வருடம் உடுத்துவதும் தண்ணீரைச் சேமிக்கும் வேலைதான்.

படி 5: ஒரே தண்ணீருக்கு இரண்டாவது வேலை கொடுங்கள்

காய்கறி, பழம் கழுவிய தண்ணீர் செடிக்குப் போகலாம். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரில் தரை துடைக்கலாம், குடிக்க மட்டும் கூடாது. துணி அலசிய கடைசித் தண்ணீரைக் கழிப்பறையில் ஊற்றலாம். சோப்புத் தண்ணீரை ஒரு நாளுக்கு மேல் சேர்த்து வைக்காதீர்கள், நாற்றமெடுக்கும். கீரை போல நேரடியாகச் சாப்பிடும் செடிகளுக்கும் ஊற்ற வேண்டாம்.

ஆர்.ஓ. சுத்திகரிப்பான் வைத்திருப்பவர்கள் அதன் கழிவுக் குழாயை ஒரு வாளியில் விட்டுப் பாருங்கள். பல இயந்திரங்கள் கொடுக்கும் தண்ணீரை விடத் தள்ளும் தண்ணீர் அதிகம். அதில் உப்புகள் செறிந்திருக்கும் என்பதால் தினமும் செடிக்கு ஊற்றுவது நல்லதல்ல. தரைக்கும் கழிப்பறைக்கும் தாராளமாக ஆகும்.

செடிக்கு ஊற்றும் முன் விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். இரண்டு அங்குலம் கீழே ஈரம் இருந்தால் இன்றைக்கு வேண்டாம். ஊற்றுவதாக இருந்தால் காலையிலோ மாலையிலோ ஊற்றுங்கள், மண்ணின் மேல் காய்ந்த இலைகளைப் பரப்பி மூடுங்கள்.

படி 6: மழை பெய்தால் கணக்குப் போடுங்கள்

ஒரு சதுர மீட்டர் கூரையில் 1 மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு லிட்டர். 50 சதுர மீட்டர் மொட்டை மாடியில் 20 மில்லிமீட்டர் பெய்தால் 1,000 லிட்டர். கொஞ்சம் ஆவியாகும், கொஞ்சம் சிதறும், ஆனாலும் பெரும்பகுதி கைக்கு வரும். முதலில் வடியும் தண்ணீர் கூரையின் தூசியையும் எச்சத்தையும் கழுவிக்கொண்டு வரும். அதை வெளியே விட்டுவிட்டுப் பிறகு பிடியுங்கள். தொட்டி வசதி இல்லாதவர்கள் வடிகுழாயின் கீழே ஒரு டிரம் வைத்தாலே தொடக்கத்துக்குப் போதும். கொசு புகாமல் மூடிவையுங்கள்.

படி 7: தினமும் ஒரு டம்ளர், உட்கார்ந்து

இது நன்றிக்கான படி. இதை முதலில் வைத்திருந்தால் வெறும் சொல்லாகப் போயிருக்கும். ஆறு படிகளைக் கடந்து வந்த கைக்கு டம்ளர் வேறு மாதிரி கனக்கும்.

நாளில் ஒருமுறை, தாகம் எடுக்கும்போது, ஒரு டம்ளர் தண்ணீரை உட்கார்ந்து குடியுங்கள். கையில் செல்போன் வேண்டாம். குடிக்கும் முன் ஒரு நிமிடம் அதையே பாருங்கள். பூமியில் உள்ள தண்ணீரில் சுமார் 97 சதவீதம் உப்புநீர். மீதமுள்ள நல்ல நீரிலும் பெரும்பகுதி பனிக்கட்டியாக உறைந்தும் நிலத்தடியில் மறைந்தும் கிடக்கிறது. ஆவியாகிக் காற்றில் ஏறும் நீர் சராசரியாக ஒன்பது நாள் போல மேலே இருந்துவிட்டு மறுபடி இறங்குகிறது. இந்த டம்ளரில் இருப்பது எத்தனையோ முறை கடலாகவும் மேகமாகவும் இருந்துவிட்டு வந்தது. அதைப் பிடித்துத் தேக்கி, வடிகட்டி, கிருமி நீக்கி, குழாயில் அனுப்பிய ஆட்கள் இருக்கிறார்கள். நள்ளிரவில் உடைந்த குழாய்க்காகக் குழிக்குள் இறங்கியவர் ஒருவர் இருப்பார். அவரை நினைத்துக்கொண்டு ஒரு மிடறு குடியுங்கள். எந்த மந்திரமும் தேவையில்லை. மனத்துக்குள் நன்றி என்று சொல்லத் தோன்றினால் சொல்லுங்கள்.

மூடிவைத்த குடிநீரை நேற்றையது என்பதற்காகக் கொட்டாதீர்கள், ஒரு நாளில் அது கெட்டுவிடாது. வீட்டுக்கு வருபவர்களுக்கு அரை டம்ளர் கொடுத்து, பக்கத்தில் செம்பையும் வையுங்கள், வேண்டிய அளவு அவர்களே ஊற்றிக்கொள்வார்கள். அப்படியும் மிச்சம் வைத்துவிட்டுப் போனால், அந்த டம்ளரைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் கவிழ்க்காமல் பக்கத்துச் செடி வரைக்கும் கொண்டுபோங்கள். விரலை மண்ணில் வைத்துப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள்.