ராஸ்பெரி பையும் பதிமூன்றாம் சேனலும்

மாடித் தொட்டியின் தண்ணீர் அளவைப் பார்க்க ராஸ்பெரி பை ஜீரோ 2 டபிள்யூ என்ற சின்னக் கணினி போர்டு ஒன்றை வீட்டு வைஃபையில் இணைத்தேன். இரண்டு நாள் ஓடியது. மூன்றாம் நாள் காணாமல் போனது. ரவுட்டரை அணைத்துப் போட்டால் சில சமயம் வரும், சில சமயம் வராது.

முதலில் பாஸ்வேர்டைச் சந்தேகப்பட்டேன். பிறகு சார்ஜரை மாற்றினேன். எஸ்டி கார்டை அழித்துத் திரும்ப எழுதினேன், இரண்டு முறை. இந்த போர்டுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் என்பதால் ரவுட்டரில் 5 கிகாஹெர்ட்ஸை நிறுத்தியும் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. நாலு நாள் போச்சு.

கடைசியில் போர்டை டிவியில் மாட்டி ஸ்கேன் செய்தபோதுதான் கண்ணில் பட்டது: பக்கத்து வீட்டு வைஃபை மங்கலாகத் தெரிகிறது, இரண்டடி தள்ளியிருக்கும் எங்கள் வைஃபை பட்டியலிலேயே இல்லை! போனில் வைஃபை அனலைசர் போட்டேன். 2.4 கிகாஹெர்ட்ஸுக்குள் இருக்கும் அலைவரிசைகளைச் சேனல் என்பார்கள்; ரவுட்டர் 13ஆம் சேனலில், அதாவது 2472 மெகாஹெர்ட்ஸில், உட்கார்ந்திருந்தது. சேனல் 'ஆட்டோ'வில் இருந்ததால் ஒவ்வொரு முறையும் அதுவே ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருக்கிறது.

கார்டு எழுதும்போது வைஃபை நாடு என்ற இடத்தில் நான் அமெரிக்காவை விட்டிருக்கிறேன். அங்கே சேனல் 11 வரைதான். பை அதற்கு மேல் தேடவே இல்லை. இரண்டாவது முறை எழுதியபோதும் அதே பழைய அமைப்பையே சேர்த்து எழுதியிருக்கிறேன், என் சோம்பேறித்தனம். ராஸ்பி-கான்ஃபிக் என்ற பையின் அமைப்புக் கருவியில் நாட்டை இந்தியா என்று மாற்றி ரீபூட் செய்தேன். அரை நிமிடத்தில் இணைந்தது. ரவுட்டரையும் 6ஆம் சேனலில் நிறுத்திவிட்டேன்.